ஊருக்குப் போகுமுன் கூரையைப் பாருங்கள்!

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, ஊருக்குப் போக பெட்டி கட்டும் சத்தம். மற்றொன்று, கூரை மேல் சுத்தியல் அடிக்கும் சத்தம்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரில் அம்மன் கோவில் கொடை. அக்காள் மகள் திருமணம், தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று ஏதாவது ஓர் அழைப்பு வராமல் இருக்காது. போனால் வெறுங்கையோடு போக முடியுமா? துணிமணி, பலகாரம், மொய் என்று கையிருப்பு கரைந்துவிடும்.

கூரையைச் சரி செய்ய வேண்டிய மாதமும் இதே மே மாதம்தான்.

"என்னங்க, போன வருஷம் அடுப்படியில ஒழுகிச்சே, அந்த இடம் அப்படியே இருக்குங்க" என்று மனைவி சொல்வார். "ஊருக்குப் போயிட்டு வந்து பார்ப்போம்" என்று கணவர் சொல்வார். திரும்பி வரும்போது ஜூன் பிறந்திருக்கும். ரெயிலை விட்டு இறங்கும்போதே மழையும் இறங்கும். பிறகு வாளி, குண்டான், போணி எல்லாம் வீட்டுக்குள்ளே வரிசை கட்டி நிற்கும்.

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், மால்வாணியிலும் ஆண்டுதோறும் நடக்கிற கதை இது.

ஊர்க் கணக்கு வேறு

புதிதாக மும்பைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் முதல் ஆண்டில் ஏமாந்து போகிறார்கள். காரணம், அவர்கள் மனதில் இருப்பது ஊர்க் கணக்கு.

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஓலை வேய்வதும், ஓடு மாற்றுவதும் ஆவணி, புரட்டாசிக்குள் முடிந்தால் போதும். குமரி, செங்கோட்டைப் பக்கத்தவர்களுக்குத்தான் ஆனிச் சாரல் பழக்கம்.

மும்பையில் அப்படி அல்ல. இங்கே பெய்வது தென்மேற்குப் பருவமழை. அது தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வழக்கமான நாள் ஜூன் 11. நமது கணக்கில் வைகாசிக் கடைசி. ஊரில் கூரையைப் பற்றி நினைக்கவே தொடங்காத மாதம் அது.

அளவிலும் வேறுபாடு உண்டு. சென்னையில் ஓராண்டு முழுவதும் சேர்த்து சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. மும்பையிலோ நான்கே மாதங்களில் 2,000 மில்லி மீட்டருக்கு மேல் கொட்டிவிடும். 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் பதிவான மழை 944 மில்லி மீட்டர். அந்த நாளைப் பார்த்தவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

ஜூன் 11 என்பதையும் முழுக்க நம்ப முடியாது. 2025-ம் ஆண்டு மே 26-ந் தேதியே மழை மும்பையைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் இவ்வளவு சீக்கிரம் பருவமழை வந்ததாகப் பதிவே இல்லை. அக்னி நட்சத்திரம்கூட அப்போது முடியவில்லை! "இன்னும் 2 வாரம் இருக்கிறது" என்று இருந்தவர்கள் நனைந்தார்கள்.

ஆகவே கூரை வேலைக்குக் கடைசி நாள் மே 20 என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அக்னி நட்சத்திரத்தில் புதுவீட்டுக்கு அடிக்கல் போடப் பலர் தயங்குவார்கள். ஒழுகுகிற கூரையை அடைப்பதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.

நண்பகல் சோதனை

கூரையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மேலே ஏற வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே பாதி வேலையை முடித்துவிடலாம்.

நல்ல வெயில் அடிக்கும் நண்பகல் நேரத்தில் கதவையும் சன்னலையும் அடைத்துவிடுங்கள். விளக்கை அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழகும் வரை ஐந்து நிமிடம் பொறுத்து, அண்ணாந்து பாருங்கள். ஓட்டை உள்ள இடமெல்லாம் விண்மீன்போல் வெளிச்சம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கீழே சட்டத்தில் சாக்பீசால் அடையாளம் போடுங்கள்.

வெளிச்சம் தெரியாத இடத்திலும் ஒழுகலாம். சட்டங்களிலும் சுவரின் மேல் விளிம்பிலும் பழுப்பு நிறக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அது சென்ற ஆண்டு தண்ணீர் ஓடிய தடம். ஒழுகல் சொட்டுகிற இடம் ஒன்றாகவும், தண்ணீர் நுழைகிற இடம் வேறாகவும் இருக்கும். தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி வந்து எங்கேயோ சொட்டும். ஆகவே கறையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கமாகத் தேடிப் போக வேண்டும்.

ஆணியும் ஓட்டையும்

தகரக் கூரையிலும் சிமெண்ட் ஷீட்டிலும் முதலில் பழுதாவது ஷீட் அல்ல. ஆணி அடித்த துளைதான். ஆணி துருப்பிடிக்கும். காற்றில் ஷீட் அசைய அசைய துளை பெரிதாகும். அதன் வழியே தண்ணீர் இறங்கும்.

துருப்பிடித்த ஆணியைத் தட்டி உள்ளே இறக்குவது வைத்தியம் ஆகாது. அதைப் பிடுங்கிவிட்டு, கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட் போட்டு, அதன் கீழே தார் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் சிமெண்ட் ஷீட் விண்டுவிடும்.

இன்னொன்று முக்கியம். ஷீட்டில் மேடும் பள்ளமும் இருக்கும். போல்ட் எப்போதும் மேட்டில்தான் வரவேண்டும். பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது. ஓடுகிற வாய்க்காலில் துளை போடுவார்களா? ஆனால் அவசரத்தில் வேலை செய்பவர்கள் அதைத்தான் செய்துவிட்டுப் போகிறார்கள். கூலி கொடுக்குமுன் இதைக் கவனித்துப் பாருங்கள்.

புது ஷீட் போடுவதானால், மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் குறைந்தது 6 அங்குலம் ஏறிப் படிய வேண்டும். மும்பையில் மழைக்காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே பக்கவாட்டில் ஷீட் அடுக்கும்போது கிழக்கிலிருந்து தொடங்கி மேற்கு நோக்கிப் போவது நல்லது. அப்போது மேலே படியும் ஓரம் கிழக்கே பார்த்திருக்கும். காற்று மழையை இடுக்குக்குள் தள்ளாது.

மேல்பூச்சு பூசுவதானால் வெள்ளை நிறமாக வாங்குங்கள். மழையில் ஓட்டையை அடைப்பதோடு, வெயிலில் வீட்டுச் சூட்டையும் அது குறைக்கும்.

மேலே ஏறுபவர்களுக்கு

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பார்வைக்குக் கல்போல் இருக்கும். கால் வைத்தால் அப்பளம்போல் நொறுங்கும். ஒழுகலை அடைக்கப் போய், ஷீட்டோடு சேர்ந்து கீழே விழுந்து இடுப்பொடிந்தவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு.

வெறும் ஷீட் மேல் ஒருபோதும் நடக்கக் கூடாது. கீழே குறுக்குச் சட்டங்கள் இருக்கும் இடம் பார்த்து, இரண்டு மூன்று சட்டங்களின் மேல் படும்படி நீளப் பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். கயிறு கட்டிக்கொள்வதும், கீழே ஒருவர் நிற்பதும் அவசியம். அந்த நேரத்தில் கீழே பிள்ளைகள் விளையாடக் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுப்பது, உடைப்பது, கம்பிப் பிரஷ் கொண்டு சுரண்டுவது எல்லாம் கெடுதல். அதிலிருந்து கிளம்பும் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. நோய் உடனே தெரியாது. 20, 30 ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். தவிர்க்க முடியாமல் கழற்றும்போது, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாகவே இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

தார்ப்பாய் எத்தனை நாள்?

மழைக்கு முன்னால் மும்பைக் குடிசைப் பகுதிகள் நீல நிறமாக மாறிவிடும். எல்லாம் பிளாஸ்டிக் தார்ப்பாய்தான். செலவு குறைவு, உடனே பலன். ஆனால் வெயில் பட்டுப்பட்டு அது நொய்ந்து போகும். சென்ற ஆண்டுத் தார்ப்பாயை எடுத்தால் மடிப்பு மடிப்பாக விரிசல் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் அதைக் கீழே விரிக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், கூரைக்கு ஆகாது.

தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் கல்லும், செங்கல்லும், பழைய டயரும் ஏற்றி வைப்பது வழக்கம். காற்று பலத்தால் கல் சந்தில் போகிறவர் தலையில் விழும். டயரில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். மழைக்கு முன்பு கூரைகளில் கிடக்கும் டயர்களை அகற்றும்படி மாநகராட்சியும் ஆண்டுதோறும் வற்புறுத்துகிறது. கயிறும் மரச்சட்டமும் கொண்டு இழுத்துக் கட்டுவதே சரி. கூரையின் விளிம்பைத் தாண்டி ஓர் அடியாவது தொங்கவிட்டுக் கட்டினால் சுவர் நனையாது. நடுவில் தொய்வு இருந்தால் தண்ணீர் குளம்போல் நின்று, ஒரே இரவில் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும்.

சுவருக்குத் தண்ணீர் வேண்டும்

மேற்குப் பார்த்த சுவரில்தான் மழை நேராக மோதும். விரிசலை முதலில் அங்கே தேடுங்கள். சிமெண்ட் பூச்சு வேலை இருந்தால் அதை ஏப்ரலிலேயே தொடங்கிவிட வேண்டும். பூசிய சிமெண்டை ஏழு நாளாவது நனைத்து வர வேண்டும். நனைக்காத பூச்சு முதல் மழையிலேயே பொருபொருவென்று உதிரும். அதன் பிறகு சுவர் நன்றாக உலர்ந்தால்தான் வர்ணமோ, நீர் புகாப் பூச்சோ ஒட்டும்.

மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளும் வற்றி வருவது இந்த மாதங்களில்தான். குழாயில் தண்ணீர் குறையும் காலத்தில் சுவருக்கு ஊற்றத் தண்ணீருக்கு எங்கே போவது? துணி அலசிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துச் சமாளிக்கும் தாய்மார்கள் உண்டு. சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டால் கொஞ்சம் தண்ணீரே போதும்.

மின்சாரம்

மழைக்காலத்தில் ஒழுகலைவிடக் கொடியது மின்கசிவு. தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒயர் போகும் இடத்தைப் பாருங்கள். தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்திருக்கும். வெயிலில் ஒன்றும் தெரியாது. மழை நனைந்ததும் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். அந்தக் கூரையோடு சேர்த்துக் கட்டிய கம்பியில் ஈரத்துணி காயப்போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒயரை பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மாற்றுங்கள். துணிக்கொடிக்குக் கம்பி வேண்டாம். நைலான் கயிறு போதும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சைப் பொருத்திவிட்டால், கசிவு ஏற்பட்ட மறுகணமே மின்சாரம் நின்றுவிடும். லைசென்சு பெற்ற மின்பணியாளரைக் கொண்டுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

யார் ஓடை அது?

சந்துகளில் மே மாதம் நடக்கும் சண்டைகளில் பாதி, இரண்டு கூரைகளுக்கு நடுவே ஓடும் தகர ஓடையைப் பற்றியது. "அது உங்க ஓடை அண்ணாச்சி" என்பார் இவர். "உங்க தண்ணிதானே அதுல ஓடுது" என்பார் அவர். மழைக்கு இந்த வழக்குத் தெரியாது. ஓடை அடைத்துக்கொண்டால் இரண்டு வீட்டிலும்தான் ஒழுகும்.

செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதே நியாயம். நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆளை வைத்து வேலை வாங்கினால் கூலியும் குறையும். இதற்கென்றே தை மாதத்திலிருந்து சிறு சீட்டுப் பிடித்தால் மே மாதத்தில் யாரிடமும் வட்டிக்குப் போக வேண்டியதில்லை. மே கடைசியில் ஆள் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. கூரை வேலை செய்பவர்களுக்கும் ஊர் இருக்கிறது. அவர்களும் அந்த மாதத்தில் ஊர் போகிறார்கள்.

சாலிலும் அடுக்கு மாடியிலும்

அலுவலக வேலை பார்ப்பவர்கள் பலர் சால்களிலும், டோம்பிவலி, கல்யாண், முலுண்டு அடுக்கு மாடிகளிலும் இருக்கிறார்கள். "நமக்கென்ன கூரை?" என்று அவர்கள் இருந்துவிட முடியாது.

கூட்டுறவு வீட்டு வசதி சங்கங்களின் மாதிரி விதிகளின்படி, மொட்டை மாடி ஒழுகலையும் வெளிக் குழாய்களையும் பழுது பார்ப்பது சங்கத்தின் பொறுப்பு. வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வராமல், செயலாளருக்கு மார்ச் மாதத்திலேயே கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

தென் மும்பையிலும் தாதர், மாட்டுங்கா பக்கத்திலும் செஸ் வரி கட்டும் பழைய கட்டடங்கள் சுமார் 13 ஆயிரம் இருக்கின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் பொறுப்பு மாடா வீட்டு வசதி ஆணையத்தின் கீழ் உள்ள பழுதுபார்ப்பு வாரியத்துக்கு உண்டு. மழைக்கு முன்பு ஆய்வு நடத்தி, மிகவும் ஆபத்தான கட்டடங்களின் பட்டியலை அந்த வாரியம் வெளியிடுகிறது. மாநகராட்சியும் தன் பட்டியலை வெளியிடுகிறது. உங்கள் கட்டடம் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 30 ஆண்டைத் தாண்டிய கட்டடத்துக்கு உறுதிச் சோதனை நடத்த வேண்டும் என்பது மும்பையில் சட்டம்.

2017-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்ற வேலையில் தூண்கள் சிதைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. தூணிலோ உத்தரத்திலோ யாராவது கை வைத்தால் உடனே புகார் செய்யுங்கள். சுவரில் புதிய விரிசல் விழுந்தாலோ, கதவு திடீரென்று மூட முடியாமல் இறுகினாலோ வெளியேறிவிட்டு, மாநகராட்சியின் 1916 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

"இடிக்கப் போகிற வீட்டுக்கா?"

தாராவியில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. "நாளைக்கு இடிக்கப் போகிறார்கள். இன்றைக்கு எதற்கு புது ஷீட்?" என்று பலர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை, நிற்குமோ போகுமோ என்று தெரியாத கூரையில் யார் போடுவார்கள்? ஆனால் வானத்து மழை எந்தத் திட்டத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. தரைத்தள வீட்டுக்கு இலவசமாக மாற்று வீடு பெற, 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காட்டியாக வேண்டும். அதைக் காட்டுவது எது? பழைய மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ்! அவை எங்கே இருக்கின்றன? பெரும்பாலான வீடுகளில் மேலே பரணில், ஒரு தகரப் பெட்டிக்குள், ஒழுகுகிற கூரைக்கு நேர் கீழே!

பாட்டனும் தகப்பனும் தோல் பட்டறையிலும் மில்லிலும் உழைத்து வாங்கிய இடத்துக்கு, மங்கிப்போன அந்த நாலு தாள்கள்தான் சாட்சி. கூரை ஒழுகினால் நனைவது பாயும் தலையணையும் மட்டுமல்ல. அந்தச் சாட்சியும் நனைகிறது. மை கரைந்த ரசீதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வாதாடுவது?

முழு ஷீட் மாற்ற வசதி இல்லாதவர்கள், நல்ல தார்ப்பாயாவது இழுத்துக் கட்டுங்கள். அதற்கு முன்பாகவே தாள்களை எடுத்து வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்தி, தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். பெட்டியைப் பரணிலும் வைக்க வேண்டாம். தரையிலும் வைக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊரில் இருக்கும் உடன்பிறப்பிடம் கொடுத்து வாருங்கள். செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதமும் ஐந்து வாரமும்

ஊருக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை பெற்றவர்கள் முகம் பார்ப்பதும், பிள்ளைகளுக்கு ஊர் மண்ணைக் காட்டுவதும் குறைந்த காரியமா? 60 நாளுக்கு முன் முன்பதிவு தொடங்கும்போதே டிக்கெட் எடுக்கிறோம். அதே நாளில் கூரைக்கும் ஒரு தொகையை எடுத்து ஒதுக்கிவிட்டால் குழப்பம் இல்லை.

ஏப்ரலில் நண்பகல் சோதனையும் சிமெண்ட் வேலையும். மே முதல் வாரத்தில் ஷீட், போல்ட். இரண்டாம் வாரத்தில் மேல்பூச்சு, தகர ஓடை, ஒயர். மே 20-க்குள் தார்ப்பாய். குடும்பம் முன்னால் போனாலும், வீட்டுத் தலைவர் வேலையை முடித்துவிட்டு நாலு நாள் தாமதமாகப் போகலாம். அதுவும் முடியாவிட்டால், நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியையும் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஊர் வீட்டுக்கும் ஓடு மாற்ற வேண்டியிருக்கும். "மகன் மும்பையிலிருந்து வந்தால் பார்த்துக்கொள்வான்" என்று அம்மா சொல்லி வைத்திருப்பார். அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்கு ஐப்பசி வரை ஐந்து மாதம் இருக்கிறது. மே பிறந்த பிறகு இந்த வீட்டுக்கு ஐந்து வாரம்தான். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை.

முதலில் மழை வருகிற வீட்டை முதலில் பாருங்கள். பிறகு நிம்மதியாக ரெயில் ஏறுங்கள்.